அவிநாசியிலிருந்து கடல் பார்க்க: மூட்டு வலியுள்ள அம்மாயி, இரண்டு பிள்ளைகள். எந்தக் கரை, எந்த மாதம்?

அவிநாசிக்காரன்:
வணக்கமுங்க. வீட்டில் மொத்தம் ஆறு பேர். அம்மாயிக்கு 78 வயசு, இதுவரைக்கும் கடலே பார்த்ததில்லை. இரண்டு முட்டியும் தேய்மானம். கைத்தடி வைத்து ஒரு நூறடி நடப்பார், அதற்கு மேல் உட்கார வேண்டும். சர்க்கரையும் உண்டு. பிள்ளைகளுக்கு 4 வயசு, 9 வயசு. சொந்தக் கார் இருக்கிறது. ஒரு ராத்திரி தங்கலாம், இரண்டு ராத்திரி முடியாது. வீட்டில் ஆளாளுக்குக் கன்னியாகுமரி, ராமேஸ்வரம் என்கிறார்கள். இரண்டுமே கார்ல போய் வருவதற்குள் அம்மாயி படுத்துவிடுவார். பக்கத்தில் வேற கரை இருக்கா? அம்மாயி காலை நனைக்கணும், பிள்ளைகள் தண்ணியில் இறங்கணும். அது போதும்.

கணவாய்க்காற்று:
நீங்கள் கிழக்கேயும் தெற்கேயும் பார்க்கிறீர்கள். கொங்கு நாட்டுக்குக் கிட்டத்துக் கடல் மேற்கே இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் இருப்பதால் மலை ஏறி இறங்கும் வேலையும் இல்லை. ஆழியாற்றுத் தண்ணீர் பாரதப்புழையில் சேர்ந்து பொன்னானியில் கடலில் விழுகிறது. அந்தத் தண்ணீர் போகிற திசையிலேயே நீங்களும் போகலாம்.

உங்களுக்குச் சரியானது சாவக்காடு. குருவாயூரிலிருந்து 5, 6 கி.மீ.தான். குருவாயூர் போய் வருகிற நம் ஊர் ஆட்கள் பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை, கோயிலைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். அவிநாசியிலிருந்து நீலாம்பூரில் பைபாஸ் பிடித்து, மதுக்கரை, வாளையார், பாலக்காடு, குதிரான் சுரங்கம், திருச்சூர், குருவாயூர். சுமார் 175 முதல் 180 கி.மீ. வரும். பிள்ளைகளுக்காக இரண்டு இடத்தில் நிறுத்தினாலும் நாலரை மணி நேரம். ராமேஸ்வரம் இதைப் போல இரண்டு மடங்கு, கன்னியாகுமரி அதற்கும் மேலே.

திருச்சூர் நகருக்குள்ளே மட்டும் மாலை 5 முதல் 7 வரை மாட்டிக்கொள்ளாதீர்கள். காலை 8 மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குக் குருவாயூர். ஓய்வு எடுத்துவிட்டு 4.30க்குக் கரையில் இருங்கள். சூரியன் கடலுக்குள் இறங்குவது டிசம்பரில் 6 மணியை ஒட்டி, பிப்ரவரியில் ஆறரைக்கு. மறுநாள் காலை 7 மணிக்குத் திரும்பவும் கரைக்குப் போய், பிள்ளைகளை அப்போது தண்ணீரில் இறக்குங்கள். காலையில் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும், அலை படிந்திருக்கும். பதினொரு மணிக்கு மேல் காற்று திரும்பிவிடும், மத்தியானம் அலை கலைந்து உடைய ஆரம்பிக்கும். ஒரு ராத்திரி தங்குவதில் முக்கியமான லாபமே இந்தக் காலை இரண்டு மணி நேரம்தான். பலரும் சாயங்காலம் கூட்டத்தில் குளிக்க வைத்துவிட்டு, காலையில் லாட்ஜில் தூங்குகிறார்கள்.

மாதம்: ஜனவரி பிற்பகுதி முதல் மார்ச் முதல் வாரம் வரை. நவம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை சபரிமலைக் கூட்டம், நடுவில் குருவாயூர் ஏகாதசி வேறு, ரூம் கிடைக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்குக் கரைப் பக்கம் குளிக்கும் எண்ணத்தோடு போகவே போகாதீர்கள். தென்மேற்குப் பருவக் காற்றில் அலை மணலை அரித்து உள்ளே கொண்டுபோய்விடும், கரை பாதியாகக் குறுகும். அக்டோபருக்குப் பிறகு அதே மணலைச் சிறு அலைகள் திரும்பக் கொண்டுவந்து போடும். ஜனவரியில் அகலமாக இருக்கிற கரை ஜூலையில் இருக்காது. ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை அங்கே விசைப்படகுத் தடைக்காலமும்கூட, மீன் சாப்பாட்டுக்காகப் போகிறவர்களுக்கும் அது ஏமாற்றம்தான்.

சொந்த வண்டிக்குப் பெர்மிட் எதுவும் வேண்டாம். மஞ்சள் போர்டு வேன் எடுத்தால் கேரள வரியும் பெர்மிட்டும் யார் செலவு என்று அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள்.

தூண்டில்வளைவு:
வழி சரி. ஆனால் மேலே ஒருவரும் ஏப்ரல், மே பற்றிச் சொல்லவில்லை. பள்ளி லீவு அப்போதுதான் என்று கிளம்புகிறவர்கள் அதிகம் என்பதால் சொல்கிறேன்.

அந்த மாதங்களில் வருவதற்குக் கள்ளக்கடல் என்று பெயர். கரையில் காற்று இருக்காது, வானம் நீலமாக இருக்கும். தெற்கே பல ஆயிரம் கி.மீ. தள்ளி நடுக்கடலில் அடித்த புயலின் அலை, நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து ஏறும். கரையில் நிற்பவருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது அப்படி ஒரு எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் இந்த அலை எச்சரிக்கையை முன்கூட்டியே வெளியிடும். கிளம்பும் முந்தின நாள் அதைப் பாருங்கள். மழை எச்சரிக்கையை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

கரைக்குப் போனதும் உடனே இறங்க வேண்டாம். 15, 20 நிமிடம் சும்மா நின்று பாருங்கள். பெரிய அலைகள் தனியாக வராது, மூன்று நான்காகச் சேர்ந்து வரும், நடுவில் சில நிமிடம் கடல் சாதுவாக இருக்கும். அந்தச் சாது நேரத்தைப் பார்த்துத்தான் எல்லோரும் பிள்ளையை இறக்குகிறார்கள்.

அடுத்தது இழுப்பு. வரிசையாக அலை உடைகிற இடத்தில், நடுவில் ஒரு பட்டை மட்டும் அலை உடையாமல், கொஞ்சம் கலங்கலாக, மேலே நுரை கடல் பக்கம் போய்க்கொண்டிருந்தால், அதுதான் தண்ணீர் திரும்பிப் போகிற வழி. பார்க்க அமைதியாக இருக்கும், அதனால்தான் அங்கே போய் இறங்குகிறார்கள். அலை கொண்டுவந்து கொட்டிய தண்ணீர் எல்லாம் அந்த ஒரு பள்ளம் வழியாக வெளியேறுவதால் வேகம் அதிகம். அது ஆளைக் கீழே இழுப்பதில்லை, கடலுக்குள் கொண்டுபோகும். எதிர்த்து நீந்தினால் மூச்சுத் தீரும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடைகிற இடத்துக்கு வந்தால் அந்த அலையே கரையில் தள்ளும். நீந்தத் தெரியாதவர் மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்திக் காட்ட வேண்டும். பார்த்தவர்கள் பின்னாலேயே குதிக்கக் கூடாது. காலிக் குடிநீர்க் கேனை மூடி போட்டு, கயிறு கட்டி வீசுங்கள். கார் டிக்கியில் ஒரு கேனும் 20 மீட்டர் நைலான் கயிறும் இருக்கட்டும்.

அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்டிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களை ஒட்டியும், ஆறு கடலில் சேரும் பொழிமுகத்திலும் இழுப்பு எப்போதும் இருக்கும். சாவக்காட்டுக்குத் தெற்கே சேற்றுவா, வடக்கே பொன்னானி, இரண்டும் அப்படிப்பட்ட பொழிமுகம். வேடிக்கை பார்க்கலாம், கால் வைக்க வேண்டாம். கேரளக் கரையில் நிறைய இடத்தில் கருங்கல் சுவர்தான், மணலே கிடையாது. மேப்பில் கடற்கரை என்று பெயர் போட்டிருந்தாலும் சாட்டிலைட் படத்தில் மணல் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

4 வயதுப் பிள்ளைக்குக் கணக்கு: தண்ணீர் அந்தப் பிள்ளையின் முழங்காலுக்கு மேலே போகக் கூடாது, கூட நிற்கிற பெரியவர் கடல் பக்கம் நிற்க வேண்டும். கரைப் பக்கம் நின்று கையை மட்டும் பிடித்திருந்தால், அலை திரும்பும்போது காலடி மணல் ஓடி இருவரும் சேர்ந்து விழுவீர்கள். காற்றடைத்த ட்யூப், மிதவைப் பொம்மை எதுவும் வேண்டாம். தரையிலிருந்து கடலுக்குக் காற்று வீசும் காலை நேரத்தில் அது பிள்ளையை உள்ளே தள்ளிக்கொண்டு போகும். சில கரைகளில் மிதவைப் பாலம் போட்டிருப்பார்கள், அதிலும் ஏற்ற வேண்டாம். 2024 மார்ச்சில் வர்க்கலாவில் அலையில் கைப்பிடி சாய்ந்து பலர் கடலில் விழுந்தார்கள்.

மணல்நடை:
அம்மாயியைப் பற்றி யாரும் பேசவில்லையே. கடல் பார்க்கப் போகிற வயசாளிகளுக்குக் கஷ்டம் கடல் இல்லை, காருக்கும் ஈர மணலுக்கும் நடுவில் உள்ள காய்ந்த மணல்தான். அதில் ஒவ்வொரு அடிக்கும் குதிகால் புதையும், முட்டி திரும்பும். நூறடி நடக்கிறவர் அங்கே முப்பதடியில் நின்றுவிடுவார். கைத்தடியும் இறங்கும். நுனியில் ஒரு பழைய டென்னிஸ் பந்தைத் துளைத்து மாட்டினால் இறங்காது.

சக்கர நாற்காலியை முன்பக்கமாகத் தள்ளினால் சின்னச் சக்கரம் புதைந்து ஆள் கவிழ்வார். திருப்பி, பெரிய சக்கரம் முன்னால் போகும்படி பின்பக்கமாக இழுங்கள். ஒருவர் கைப்பிடி, ஒருவர் கால்மிதிப் பக்கம். ஈர மணல் வந்துவிட்டால் தரை கெட்டி, அங்கே கைத்தடியோடு நடக்கலாம். நாற்காலி இல்லையென்றால் கை வைத்த பிளாஸ்டிக் சேர் ஒன்றும், இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். பலகை மேல் சேரைப் போட்டால் கால் இறங்காது. அலை கடைசியாக வந்து தொட்ட ஈரக் கோட்டுக்கு இரண்டடி கடல் பக்கம் போட்டால், உட்கார்ந்தபடியே பாதம் நனையும். அலை திரும்பும்போது பலகைக்கு அடியில் மணல் அரிக்கும், அதனால் ஒரு ஆள் சேரின் முதுகைப் பிடித்தபடியே இருக்க வேண்டும். கணுக்காலுக்கு மேல் தண்ணீர் வந்தால் உடனே பின்னால் நகர்த்துங்கள்.

சர்க்கரை உள்ளவர் வெறுங்காலில் மணலில் இறங்கக் கூடாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் பகல் மணல் சுட்டதும் தெரியாது, சிப்பி கிழித்ததும் தெரியாது. பின்பக்கம் வார் உள்ள செருப்பு போடுங்கள், ஹவாய் செருப்பை அலை உருவிவிடும். நல்ல தண்ணீர் 5 லிட்டர் தனியாக வைத்து, காலைக் கழுவி, விரலிடுக்கெல்லாம் துடைத்து, அடிப்பாதத்தைப் பார்த்துவிட்டுத்தான் காரில் ஏற்ற வேண்டும்.

நடையே வேண்டாம் என்றால் கோழிக்கோடு இன்னும் நல்லது. ரயில் நிலையத்திலிருந்து ஒன்றரை கி.மீ.க்குள் கடற்கரை, ரோட்டை ஒட்டியே நடைபாதையும் உட்காரும் இடமும் உண்டு. ஆட்டோவிலிருந்து இறங்கி உட்கார்ந்தால் எதிரே கடல். பிள்ளைகள் குளிக்க அங்கிருந்து வடக்கே காப்பாடு. 2020இல் நீலக்கொடி சான்று (சுத்தமான, பாதுகாப்பான கடற்கரைக்குத் தருவது) பெற்ற கரை, கழிப்பறை, குளியல் எல்லாம் அமைத்திருக்கிறார்கள். மங்களூரு ரயில்கள் திருப்பூரிலேயே நின்று போகின்றன. கோவைக்குள் வராத வண்டிகள் போத்தனூர் வழியாகப் போகும், டிக்கெட் எடுக்கும்போது அதைக் கவனியுங்கள்.

பாக்நீரிணை:
எல்லோரும் மேற்கையே சொல்கிறீர்கள். அம்மாயி காலை நனைப்பது மட்டும் இல்லை, முங்கிக் குளிக்கணும் என்றால் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்துக்கு ஈடு கிடையாது. அங்கே பெரும்பாலும் அலை இருக்காது, குளம் போல நிற்கும். தனுஷ்கோடிப் பக்கம் போனால் வடக்கே பெண்கடல், தெற்கே ஆண்கடல் என்பார்கள். மே முதல் செப்டம்பர் வரை தெற்குப் பக்கம் கொந்தளிக்கும், வடக்கு அடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவத்தில் இது தலைகீழ். ஆக, பள்ளி லீவில்தான் போக முடியும் என்றால் மேற்குக் கரை வேண்டாம், இங்கே வாருங்கள். கோவையிலிருந்து வாரம் ஒரு ரயில் உண்டு, படுத்துக்கொண்டே வரலாம்.

திருச்செந்தூரையும் யோசிப்பீர்கள். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, பழனி வழியாக அங்கே தினமும் ரயில் போகிறது. ஆனால் அங்கே மண்ணரிப்பில் படிக்கட்டை ஒட்டிப் பள்ளம் விழுந்து, குளித்தவர்களுக்குக் கால் முறிந்திருக்கிறது. மூட்டு வலி உள்ளவரைத் தண்ணீரில் இறக்க அது ஏற்ற இடம் இல்லை.

அவிநாசிக்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. சாவக்காடுன்னே முடிவு பண்ணியாச்சு. தைப்பூச லீவில் போகலாமா? இன்னொன்று, சொறிமீன் (ஜெல்லி மீன்) கடித்தால் என்ன பண்றது?

தூண்டில்வளைவு:
தைப்பூசம் பௌர்ணமியை ஒட்டி வரும். அமாவாசை, பௌர்ணமியிலும் அடுத்த இரண்டு நாளும் கடல் ஏற்றம் கூடுதலாக ஏறும், வற்றமும் கூடுதலாக இறங்கும். அந்தக் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவில்தான், ஆனால் சரிவு குறைந்த மணலில் அந்த ஒரு மீட்டருக்குத் தண்ணீர் முப்பது மீட்டர் வரை மேலே வரும். பையும் செருப்பும் போவது அப்படித்தான். முந்தின ஏற்றத்தில் ஒதுங்கிய குப்பைக்கோடு மணலில் தெரியும், சாமான்களை அதற்கு மேலே வையுங்கள். தேதியை மாற்ற முடியுமென்றால் பூசம் கழிந்து ஒரு வாரம் தள்ளிப் போங்கள். அஷ்டமி, நவமியில் பயணம் வேண்டாம் என்று வீட்டில் சொல்வார்கள், கடலுக்கு என்னவோ அதை ஒட்டிய நாட்கள்தான் சாது.

சொறிமீன் பட்டால் மணலால் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீரும் ஊற்றாதீர்கள், ஒட்டியிருக்கும் இழை இன்னும் விஷத்தை விடும். கடல் தண்ணீராலேயே கழுவி, சின்ன இடுக்கியால் இழையைப் பிடித்து எடுத்துவிட்டு, தோல் பொறுக்கும் அளவு வெந்நீரில் 20 நிமிடம் வைத்தால் எரிச்சல் குறையும். மூச்சு வாங்கினாலோ முகம் வீங்கினாலோ நேரே ஆஸ்பத்திரி.

கணவாய்க்காற்று:
வழியில் டோல்கள் உண்டு, வாளையார்ப் பக்கமும் வடக்கஞ்சேரி பன்னியங்கரையிலும்கூட. ஃபாஸ்டேகில் போக வர எல்லாவற்றுக்கும் பணம் இருக்கட்டும். குருவாயூரில் மதியம் நடை சாத்தினால் சாயங்காலம்தான் திறப்பார்கள், அதனால் முதல் நாள் சாயங்காலம் கடல், மறுநாள் காலை கடல் முடித்துக் குளித்துவிட்டுத் தரிசனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் வேட்டி, மேல்சட்டை கூடாது. கல்யாண முகூர்த்த நாளா என்று பார்த்துவிட்டு ரூம் போடுங்கள். தரைத்தளத்தில் ரூம் வேண்டும் என்று போனிலேயே சொல்லிவிடுங்கள், லிஃப்ட் இல்லாத லாட்ஜுகள் அங்கே நிறைய.