2028 மகாமகம்: மொரீஷியஸிலிருந்து வயதான அம்மாவை அழைத்துப் போகலாமா?

ரோஸ்ஹில்_மகள்:
வணக்கம். அம்மாவுக்கு 70 வயது. முட்டிவலி, சர்க்கரை இரண்டும் உண்டு. கார்த்திகைப் பௌர்ணமியில் இங்கே கொண்டாடும் கங்கா ஸ்நானத்தன்று கடலில் இறங்கிக் குளிப்பார். கும்பகோணம் மகாமகத்திலும் நீராட வேண்டும் என்கிறார். எந்த நாள் போவது? எங்கெங்கே, எந்த வரிசையில் குளிப்பது?

காட்ர்போர்ன்_அடியார்:
அக்கா, மகத்தன்றுதான் இறங்க வேண்டும் என்று கட்டாயமில்லை. 2016 மகாமகத்தில் சிவன் கோயில்களில் பிப்ரவரி 13 கொடியேற்றம், 22 மகத்தன்று தீர்த்தவாரி (சுவாமி நீராடும் நாள்). இடைப்பட்ட நாள்களிலும் ஜனங்கள் நீராடினார்கள். கொடியேறிய இரண்டு மூன்று நாளுக்குள், விடியற்காலையில் முடித்துவிடுங்கள். தைப்பூசக் காவடிக்கு நம் ஆற்றங்கரையில் கூடும் கூட்டம் போல நினைத்துவிடாதீர்கள். அங்கே ஒரே குளத்துக்கு லட்சக்கணக்கில் வருவார்கள். 1992 மகாமக நெரிசலில் ஏறக்குறைய 50 பேர் இறந்தார்கள். தீர்த்தவாரி அன்று அம்மாவைக் குளக்கரைப் பக்கமே கூட்டிப்போக வேண்டாம்.

குடந்தை_மாமா:
முதலில் மகாமகக் குளம், அடுத்து சாரங்கபாணி கோயில் பொற்றாமரைக் குளம், கடைசியில் காவிரி சக்கரப் படித்துறை. மகாமகக் குளத்துக்குள் 20 தீர்த்தக் கிணறுகள். கூட்டத்தில் ஒவ்வொரு கிணறாகப் போக நிற்காதீர்கள். குளத்து நீரைத் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும்.

இறங்கும் கரை வேறு, ஏறும் கரை வேறு என்று போலீஸ் பிரித்துவிடும். செருப்பைப் படியில் விட்டால் திரும்ப எடுக்க முடியாது. பையில் போட்டுக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஈரக் கருங்கல் வழுக்கும். ஒருவர் ஒரு படி கீழே, அம்மாவைப் பார்த்தபடி நின்று இரண்டு கையையும் பிடித்து இறக்குங்கள். நனைந்த சேலை காலைச் சுற்றும்; கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டட்டும்.

நர்ஸ்_வக்வா:
வெறும் வயிற்றோடு நீராட வேண்டும் என்று பெரியவர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் நின்றால் வரிசையிலேயே சர்க்கரை இறங்கி மயக்கம் வரும். இரண்டு இட்லியாவது சாப்பிடட்டும். மடியில் சர்க்கரைப் பொட்டலம் இருக்கட்டும். கரையேறியதும் உள்ளங்காலைத் துடைத்துப் பாருங்கள்: சர்க்கரைக்காரருக்குக் கல் கீறியது தெரியாது, புண்ணாகிவிடும்.

ரோஸ்ஹில்_மகள்:
மிக்க நன்றி. தஞ்சாவூரில் தங்கிப் போய்வரலாமா?

குடந்தை_மாமா:
தூரம் 40 கிலோமீட்டர்தான். ஆனால் விழாவின்போது பஸ்ஸை ஊருக்கு வெளியே தற்காலிக நிலையத்தில் நிறுத்திவிடுவார்கள், அங்கிருந்து நடை. அம்மாவுக்கு அது ஆகாது. ஊருக்குள்ளேயே அறை பிடியுங்கள், மாதக்கணக்கில் முன்னதாக. அறை கிடைக்காவிட்டால் வேறொரு வருட மாசி மகத்துக்கு வாருங்கள். குரு சிம்ம ராசியில் இருக்கும்போது வரும் மாசி மகம்தான் மகாமகம். மற்ற வருடங்களிலும் மாசி மகத்துக்கு இதே குளத்தில் தீர்த்தவாரி உண்டு.