ந்கோ எழுத்தில் கலியாணக் கார்ட், பெட்டி பெட்டியாக வருகிறது

கல்லடிப் பொடியன்:
கல்லடியில் சின்ன அச்சுக்கடை வைத்திருக்கிறேன். பாரிசில் இருக்கும் மச்சான், தன்னோடு வேலை செய்கிற கினி நாட்டுக்காரரின் கலியாணக் கார்டுக்கு வலமிருந்து இடமாக எழுதும் ந்கோ எழுத்தில் வாசகம் அனுப்பியிருக்கிறார். போனில் அழகாகத் தெரிகிறது, கடைக் கொம்பியூட்டரில் வெறும் பெட்டி. எழுத்துரு இறக்கிப் போட்டேன், பெட்டி போய்விட்டது, ஆனால் எழுத்துகள் ஒட்டாமல் இடமிருந்து வலமாக நிற்கின்றன. பழைய பாமினி தமிழ் எழுத்துரு மாதிரி இதற்கும் ஏதாவது இருக்கிறதா, இல்லை ஒவ்வொன்றாகத் திருப்பி அடுக்கவா?

வாவிக்கரை:
திருப்பவே வேண்டாம் தம்பி. 1949இல் சொலமானா கான்டே மேற்கு ஆபிரிக்க மண்டிங் மொழிகளுக்காக ஆக்கிய எழுத்து அது. மனின்கா, பம்பாரா, ஜூலா எதில் பேசினாலும் 'நான் சொல்கிறேன்' என்பதற்கு ந்கோதான், பெயரும் அதிலிருந்து வந்தது. 2006இல், ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் கொடுக்கிற யூனிகோட் தரத்தின் 5.0 பதிப்பில் 59 குறிகளோடு சேர்ந்தது, 2018இல் இன்னும் 3. உங்களிடம் வந்திருப்பது சரியான யூனிகோட் வாசகம், அதைக் கெடுத்துவிடாதீர்கள். பாமினியில் 'அம்மா' அடித்தால் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து, உடுப்பு மட்டும்தான் தமிழ். அப்படி அடித்த எங்கள் பழைய கோயில் மலர்களில் இன்றைக்கு ஒரு பெயரைத் தேடி எடுக்க முடிகிறதா? யூனிகோட்டில் எழுத்துகள் சொல்லும் வரிசையிலேயே கிடக்கும், 'கொ'வில் கொம்பு முன்னால் தெரிந்தாலும் உள்ளே 'க' முதலில் இருப்பது போல. வலமிருந்து அடுக்குவதும் ஒட்டுவதும் மென்பொருளின் வேலை, உங்களுடையது பழசு.

அக்கரைப்பற்றான்:
நான் அரபு வேலை நிறையச் செய்கிறவன், அந்தப் பழக்கத்தில் ஒன்று சொல்கிறேன், திகதியைப் பாருங்கள். அரபில் எழுத்து வலமிருந்து போனாலும் எண் இடமிருந்துதான். ந்கோவில் எண்ணும் வலமிருந்தே போகும், 24 என்றால் 2 வலப்பக்கம், 4 அதற்கு இடப்பக்கம். மென்பொருள் பிழைத்தால் 24ஆம் திகதி 42 ஆகிவிடும். லிப்ரே ஆபிஸ் மென்பொருளில் பந்தியை வலமிருந்து இடமாக வைத்து, பிடிஎஃப் ஆக்கி எடுங்கள். அப்புறம் பெரிதாக்கி, உயிரெழுத்துக்கு மேலே தொனிக் குறியும் கீழே மூக்கொலிப் புள்ளியும் அததன் இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். தொனி மாறினால் சொல்லே வேறு.

கல்லடிப் பொடியன்:
காக்கா, பெரிய உதவி. நோட்டோ சான்ஸ் ந்கோ எழுத்துருவோடு லிப்ரே ஆபிஸில் போட்டேன், எல்லாம் ஒட்டிக்கொண்டது, திகதியும் நீங்கள் சொன்ன பக்கமே நிற்கிறது. மாப்பிள்ளை பெயரின் கீழ்ப்புள்ளி மட்டும் கோட்டோடு முட்டியது, வரி இடைவெளியைக் கூட்டினேன். பிடிஎஃப் பாரிசுக்குப் போய்விட்டது, அவர் வாசித்துக் குரல்பதிவு அனுப்பியதும் அடிப்பேன்.