அதே பழைய நீண்ட ஸ்வரம்

43 வயதில் வயலின் பழக ஆரம்பித்தேன். "இந்த வயதில் எதற்கு?" என்று வெளியார் யாரும் கேட்கவில்லை; கேட்டதெல்லாம் நானேதான். சின்ன வயது ஆசை. படிப்பு, வேலை, பிள்ளைகள் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் சாக்குகள் தீர்ந்துபோனதால்தான் வகுப்பில் சேர்ந்தேன்.

மூன்றாம் ஆண்டில் மாணவர் நிகழ்ச்சி. எனக்கு முன்னால் வாசித்த சிறுமிக்குப் பத்து வயது இருக்கும். பிசிறில்லாமல் வாசித்துவிட்டு இறங்கினாள். என் உள்ளங்கை ஜில்லிட்டிருந்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வயலினில் ஒரு சங்கடம், நடுக்கத்தை மறைக்க முடியாது. வேகமான இடங்களில் கை ஓட்டத்தில் அது கரைந்துவிடும். ஒரே ஸ்வரத்தை மெதுவாக நீட்டி இழுக்கும்போதுதான் வில் தந்தியின்மேல் துள்ளித் துள்ளி, அரங்கத்துக்கே காட்டிக்கொடுக்கும். என் உருப்படி தொடங்குவதே அப்படியொரு நீண்ட ஸ்வரத்தில். துள்ளியது. இரண்டாம் வரியில் விரல் தவறியதும் நின்றேவிட்டேன். எத்தனை நொடி நின்றேனோ, மறுபடி முதலிலிருந்து தொடங்கி ஒருவழியாக முடித்தேன்.

அன்றிரவு வயலினை விட்டுவிடுவது என்றே முடிவு செய்திருந்தேன். பிறகுதான் வயலின் இனத்துப் பெரிய வாத்தியமான செல்லோவில் மேதையான பாப்லோ காசல்ஸ் பற்றிப் படித்தேன். 1901இல் சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே மலையேறும்போது பாறை உருண்டு அவருடைய இடது கையில் விழுந்தது. அப்போது அவருக்கு முதலில் தோன்றியது, அப்பாடா, இனி செல்லோ வாசிக்க வேண்டாம் என்பதுதானாம்! கை குணமாகி, தொண்ணூறு வயதைத் தாண்டியும் மேடையேறினார். மேடைப் பயம் மட்டும் போகவே இல்லை. அவருக்கே போகாதது எனக்குப் போகும் என்று காத்திருந்தது பேராசை.

*

வயலின்காரரே, நான் வேறொருவன்; உங்கள் கதைக்கு எதிர்ப்பக்கம் ஒன்று என்னிடம் இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு மரச்சாமான் பட்டறை வைத்தேன். பதினான்கு மாதத்தில் மூடினேன். பயம் வந்தபோதெல்லாம் "கோழையாக இருக்காதே" என்று என்னையே அதட்டிக்கொண்டேன். அந்தப் பயம் சொன்னதோ சரியான கணக்கு: ஆர்டர் கொடுத்தவர்கள் பணம் தர மூன்று மாதம் ஆகும், மரத்துக்கு உடனே கொடுத்தாக வேண்டும். ஒரு தாளில் எழுதிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். கடனை அடைக்க நான்கு வருடம் ஆயிற்று.

பட்டறை வைத்ததற்காக வருந்துகிறாயா என்று அண்ணன் ஒருமுறை கேட்டார். கணக்குப் போடாததற்காக என்றேன். இப்போது வேறு வேலையில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இழைப்புளியைக் கையில் எடுக்கிறேன். போன வாரம் ஒரு முக்காலி செய்தேன். ஒரு கால் குட்டை.

*

வயலின்காரன்தான் மறுபடியும். உங்கள் பயமும் என் பயமும் ஒரே சாதியில்லை என்பது இப்போதுதான் உறைக்கிறது. எனக்குப் போனது கொஞ்சம் மானம். அதையும் அந்தச் சிறுமி மறுநாளே மறந்திருப்பாள். அடுத்த மாதம் இன்னொரு நிகழ்ச்சி. வேகமான உருப்படியாகக் கேட்டுப் பார்த்தேன். ஆசிரியர் சிரித்துவிட்டு அதே பழையதையே கொடுத்திருக்கிறார்.