கடலால் அடிபட்ட ஊர்களை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நொய்யல்கரை, திருப்பூர்
ஸ்கூல் லீவு விட்டாச்சு. ஆளாளுக்குக் கன்னியாகுமரி, ராமேஸ்வரம் என்று வண்டி பேசிக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான் இதை ஆரம்பிக்கிறேன். 2024 மே 6ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேரை அலை இழுத்துக்கொண்டு போனது ஞாபகம் இருக்கும். அது நடந்து கொஞ்ச நாளில் குடும்பத்தோடு முட்டம் பக்கம் போயிருந்தோம். காற்று இல்லை, மேகம் இல்லை, வெயில் சுள்ளென்று அடிக்கிறது, ஆனால் கரையில் ஏழெட்டுப் பேர் மூச்சுப் பிடித்து வள்ளத்தை மேட்டுக்கு இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். "ஏனுங்கண்ணா, வானம் நல்லாத்தானே இருக்குது?" என்று கேட்டேன். பெரியவர் ஒருவர், "வானத்தப் பாக்காதீங்க, ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் எவ்வளவு நேரம் ஆகுதுண்ணு பாருங்க" என்றார். சும்மா எண்ணிப் பார்த்தேன். ஒன்று வந்து போன பிறகு ரொம்ப நேரம் ஒன்றுமே இல்லை, அப்புறம் வந்தது பாருங்கள், நாங்கள் செருப்புக் கழட்டி வைத்திருந்த திட்டையும் தாண்டிப் போய்விட்டது.

இதைத்தான் கள்ளக்கடல் என்கிறார்கள். இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடிக்கிற புயல்காற்றில் கிளம்பும் அலை, பல நாள் பயணம் செய்து இங்கே வந்து முட்டுகிறது. ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இதற்கு முன்கூட்டியே எச்சரிக்கை கொடுக்கிறது, அந்த மே மாதமும் கொடுத்திருந்தது. நமக்குத்தான் அந்தப் பக்கம் செய்தி பார்க்கிற பழக்கமே கிடையாது. அங்கே இருப்பவர்களுக்கோ எச்சரிக்கை வந்தால் தொழில் நின்றது, வள்ளம் மேட்டில் கிடக்கும், அடுப்பு எரிய வட்டிக்குக் கடன் வாங்க வேண்டியதுதான்.

கோபி லைன்மேன்
கஜா புயலுக்குப் போனவன் நான். 2018 நவம்பர் 16 விடியக்காலம் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. டெல்டாவில் லட்சத்துக்கும் மேலே கம்பம் விழுந்துவிட்டதால் எங்களையும் லாரியில் ஏற்றி அனுப்பினார்கள். கிரேன் உள்ளே போகாது, வயலெல்லாம் சேறு, கம்பத்தை ஆள் தோளில்தான் தூக்கிக்கொண்டு போனோம். கரண்ட் இல்லாமல் கிடந்த ஊர்க்காரர்கள், தங்களுக்கு வந்த நிவாரண அரிசியைப் பொங்கி எங்களுக்குப் போட்டார்கள். சாப்பிடக் கூச்சமாக இருந்தது, ஆனால் வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள்.

நான் சொல்ல வந்தது வேதாரண்யம் பக்கம் புஷ்பவனம் ஊரில் ஏறின சேறு பற்றி. கடல் தண்ணீர் ஊருக்குள் வந்துபோகும் என்று தெரியும், கடலடிச் சேறே ஏறி வந்து உட்காரும் என்று நான் நினைத்ததில்லை. கருஞ்சாம்பல் நிறத்தில், களிமண் பதத்தில், கால் வைத்தால் முழங்கால் வரை போகிறது. ஃபைபர் படகு அதில் புதைந்து மூக்கு மட்டும் தெரிகிறது, எஞ்சினுக்குள் சேறு அடைத்திருக்கிறது. ஒரு அம்மா வலையின் ஒரு முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தார், அது வருவேனா என்கிறது. வீடு போனதை விட வலை போனதைப் பற்றித்தான் பேசினார்கள். அப்புறம் பேராவூரணி போகிற வழியில் தென்னந்தோப்புகள். எங்க வீட்டிலும் தென்னை இருக்கிறது, நெட்டை ரகம் நட்டால் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அங்கே தோப்பு தோப்பாகப் படுத்துக் கிடந்தது. அத்தனை வருஷம் அந்த வீட்டில் என்ன சாப்பிடுவார்கள் என்ற கணக்குத்தான் மனசில் ஓடியது.

ஈரோடு ஜவுளி
சுனாமிக்கு நாங்கள் லுங்கி, போர்வை ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினம் போனோம். ரோட்டோரம் முழுக்கப் பழைய துணிமூட்டை, அவிழ்த்துப் போட்டபடி கிடந்தது. யாரோ வீட்டில் கழித்துக் கட்டியது. அங்கே கேட்டால், "நாங்க உழைச்சு உடுத்தினவங்க தம்பி" என்று மட்டும் சொன்னார்கள்.

உக்கடம் மீன்கடை
அதே சுனாமிதான், நான் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, எங்களுக்கு வியாபார நாள். அன்றைக்கு லோடு வரவில்லை, சரி. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போய்விட்டார்கள், அப்போது யார் மீனைப் பற்றி யோசிப்பார்கள்? ஆனால் அதற்கப்புறம் அலை தொடாத பக்கத்திலிருந்து மீன் வந்தும் வாங்க ஆள் இல்லை. பிணம் தின்ற மீன் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. நல்ல வஞ்சிரம் ஐஸ் கரைந்து வீணாகப் போகிறது, எதிரே பிராய்லர் கடையில் கூட்டம் நிற்கிறது. நம்ம ஊரில் குழம்பை மாற்றிக்கொண்டால் முடிந்தது. படகு தப்பியவன் பிடித்த மீனும் விற்கவில்லை என்றால் அவன் எங்கே போவான்? படகுக்காரர்களுக்காவது பிற்பாடு புதுப் படகு வந்தது. கூடை சுமந்து விற்ற பொம்பளைகளும் கூலிக்குக் கடலுக்குப் போனவர்களும் பட்டியலில் கடைசியாகத்தான் வந்தார்கள்.

ஒக்கி புயலிலும் கடலுக்குப் போனவர்கள்தான் மாட்டினார்கள். 2017 நவம்பர் 30இல் புயலானபோது கன்னியாகுமரி மாவட்டத்துத் தூத்தூர், சின்னத்துறை ஆட்கள் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தார்கள். கரையில் சொன்ன எச்சரிக்கை அங்கே எட்டவே இல்லை.

பொள்ளாச்சி
அப்படியென்றால் கடலுக்கே போக வேண்டாம் என்கிறீர்களா?

நொய்யல்கரை, திருப்பூர்
போங்க, யார் வேண்டாம் என்றது. ஆனால் அலை உடையாமல் தெளிவாக, அமைதியாக ஒரு சந்து தெரிந்தால் அங்கே இறங்காதீர்கள். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிப் போகிற வழி அது. மாட்டிக்கொண்டால் கரையைப் பார்த்து எதிர்நீச்சல் போடாமல் கரையோரமாகவே பக்கவாட்டில் நீந்தி வெளியே வர வேண்டும். நீச்சல் தெரியாதவர்கள் மிதந்தபடி கை தூக்கிக் கூப்பிடுங்கள். கிணற்றில் பழகினவர்கள் இதில்தான் ஏமாந்து போகிறார்கள்.

உக்கடம் மீன்கடை
அப்புறம் இன்னொன்று. ஏப்ரல் 15லிருந்து 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுக்குத் தடைக்காலம். அப்போது கடைக்கு வந்து விலை ஏன் இவ்வளவு என்று என்னிடம் சண்டை போடாதீர்கள்.