குளிர் முடிந்து ட்ரைக்கை வெளியே எடுக்கிறேன்: புதுப் பாகங்களில் எதை முதலில் மாட்டுவது?

லேக்ஷோர்வாசி:
ஊர் டொராண்டோ. வண்டி டாட்போல் ட்ரைக் (சாய்ந்து உட்கார்ந்து ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள்): முன்னால் இரண்டு 20 இன்ச் சக்கரம், பின்னால் ஒரு 26. கேபிள் டிஸ்க் பிரேக். குளிர்காலம் முழுக்க கராஜில் நின்றது. எஸ்பிடி பெடல் (ஷூவைக் கிளிப் போல மாட்டிக்கொள்ளும் பெடல்), ரேடார் பின்விளக்கு (பின்னால் வரும் காரை உணர்ந்து சொல்வது), இரண்டு கண்ணாடி, போன் ஹோல்டர் எல்லாம் பெட்டியில் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்கலாம்? இன்னொன்று, இரண்டு பிரேக் லீவரையும் சேர்த்துப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் இழுக்கிறது.

செயின்குழாய்:
பெடல்தான் முதலில். ட்ரைக்கில் ஓடும்போது கால் பெடலிலிருந்து நழுவித் தரையில் பட்டால், வண்டி அந்தக் காலைத் தனக்கடியில் இழுத்துக்கொண்டு போகும். கணுக்கால், முழங்கால் போய்விடும். நிறுத்தும்போது கால் ஊன்ற வேண்டியதில்லை என்பதால் கிளிப்பில் மாட்டியபடி இருப்பதில் பயமில்லை. விடுவிக்கும் ஸ்பிரிங்கை மட்டும் முதலில் நன்றாகத் தளர்த்தி வையுங்கள். இடப்பக்கப் பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம், மறக்க வேண்டாம்.

கிளீட்டை (ஷூவின் அடியில் இருந்து பெடலில் மாட்டும் துண்டு) பாதத்தின் நடுவை நோக்கி எவ்வளவு பின்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். ரீகம்பென்டில், அதாவது இப்படிச் சாய்ந்து ஓட்டும் வண்டியில், கால்விரல்கள் மரத்துப்போவது இதில் பெரும்பாலும் குறையும்.

புதுப் பெடல், புது ஷூ என்றால் பூம் (பெடல்களைத் தாங்கி முன்னால் நீளும் குழாய்) நீளத்தையும் பார்த்தாக வேண்டும். குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். கிளீட் மாட்டினால் முழங்கால் லேசாக மடிய வேண்டும். பூமை 1 செ.மீ. வெளியே இழுத்தால் செயினின் மேல் ஓட்டம், கீழ் ஓட்டம் இரண்டும் நீள்வதால் செயினில் 2 செ.மீ. போகும். ஒரு ஜோடி கண்ணி 2.54 செ.மீ. முன்னால் பெரிய பல்சக்கரம், பின்னால் பெரிய பல்சக்கரம் என்று வைத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். டிரெய்லியரின் (பின்பக்கம் கியர் மாற்றும் கருவி) கை முழுக்க நீண்டு விறைத்தால் கண்ணி சேர்க்காமல் ஓட்டாதீர்கள்.

முதல் சில வாரம் கியரை இலேசாக வைத்து நிமிடத்துக்கு 80–90 சுற்றில் மிதியுங்கள். இருக்கையில் முதுகைக் கொடுத்து உடல் எடையை விட அதிகமாகவே உதைக்க முடிகிறது. அந்த விசையெல்லாம் முழங்காலில் இறங்கும்.

பின்சக்கரம்26:
இடப்பக்கம் இழுக்குதெண்டால் வலது பிரேக் குறைவாப் பிடிக்குது எண்டு அர்த்தம். முதல்ல வலது கேபிளைப் பாருங்கோ. ரோட்டு உப்புத்தண்ணி உறைக்குள்ள போய்த் துரு பிடிச்சால் கேபிள் இறுகும், லீவர் திரும்பி வராது. கேபிள் நல்லா ஓடினால், காலிப்பரில (டிஸ்க்கைக் கவ்விற பகுதி) பிரேக் பேடைக் கிட்டக் கொண்டுவாற திருகை உரசும்வரை திருப்பி, பிறகு உரசல் நிக்கும்வரை மெல்லப் பின்னுக்கு விடுங்கோ. ரெண்டு பக்கமும் லீவர் ஒரே தூரத்தில பிடிக்கவேணும். டிஸ்க்குக்குப் பக்கத்தில செயின் ஸ்பிரே அடிச்சிருந்தால் பேடில எண்ணெய் ஏறியிருக்கும். அதை உரஞ்சிப் பாக்கிறதை விட புதுசு போடுறது நல்லது.

அப்பிடியே டோ-இன்னும் (முன்சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பி நிக்கிற அளவு) அளவுங்கோ. அச்சு உயரத்தில ரெண்டு ரிம்முக்கும் இடைப்பட்ட தூரத்தை முன்னாலயும் பின்னாலயும் எடுங்கோ, ஒராள் சீட்டில இருக்கவேணும். முன்னால 0–2 மி.மீ. குறைவா இருந்தால் பெரும்பாலும் சரி. உங்கட வண்டிக் கையேடு வேற சொன்னால் அதுதான் கணக்கு. இது பிழைச்சால் புது டயரும் கெதியாத் தேயும்.

மூன்றுசக்கரம்:
ரேடாரைச் சீட்டின் முதுகுச் சட்டத்தில் கட்டிவிடாதீர்கள். சீட் சாய்ந்திருப்பதால் அது ரோட்டைப் பார்த்து நிற்கும். கேரியரின் பின்விளிம்பில், செங்குத்தாக, பைகளுக்குப் பின்னால் மாட்டுங்கள். பையின் வாரோ மூடியோ முன்னால் தொங்கக்கூடாது. உங்கள் வேகத்திலேயே பின்தொடரும் காரை ரேடார் காட்டாது. அதனால் இரண்டு கண்ணாடியும் கட்டாயம்.

கண்ணாடியும் போனும் மாட்டியதும் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். வண்டி நிற்கும்போது தெரியாது. முழுத் திருப்பத்தில்தான் டயரிலோ தொடையிலோ போய் இடிக்கும். போனைப் பூமில் வைத்தால் கை எட்டாது, நடுவே முழங்காலும் மறைக்கும்.

பெட்டியில் மணி இல்லையே? ஒன்டாரியோவில் மணி சட்டப்படி வேண்டும். முன் ஃபோர்க்கில் வெள்ளை, பின்னால் சிவப்பு ஒளிர்பட்டையும் உண்டு. ட்ரைக்கில் ஃபோர்க் கிடையாது, முன்சக்கரக் கைகளில் ஒட்டிவிடலாம். ஒரு நேரத்தில் ஒரு பாகம் மட்டும் மாட்டி ஓட்டுங்கள். ஐந்தையும் ஒரே நாளில் மாட்டினால் எது கிறீச்சிடுகிறது என்று கண்டுபிடிக்க முடியாது.

லேக்ஷோர்வாசி:
நன்றி. கண்ணி சேர்க்கும்போது பழைய இணைப்புக் கண்ணியையே போடலாமா? செயின் 10 ஸ்பீடு.

செயின்குழாய்:
10 ஸ்பீடிலிருந்து பல கம்பெனி இணைப்புக் கண்ணிகள் ஒருமுறைக்கு மட்டுமே. புதிது இரண்டு வாங்குங்கள்: நடுவில் சேர்க்கும் துண்டுக்கு இரண்டு முனை உண்டு. சேர்ப்பதற்கு முன் தேய்மான அளவியை வைத்துப் பாருங்கள், அதன் 0.75 (சதவீத நீட்சி) முனை உள்ளே இறங்கினால் துண்டு சேர்ப்பது வீண், முழு செயினையும் மாற்றுங்கள். மாற்றும்போது செயின் ஓடும் குழாய்களைக் கழற்றி உள்ளே இருக்கும் மணலைத் தட்டிவிடுங்கள்.