புதுப்பிப்பு: காரில் பிள்ளைகளோடு கேட்கும் பாட்டுகளை வடிகட்டுவது

பிள்ளைகள் காரில் இருக்கும்போது ஸ்பாட்டிஃபையில் கெட்ட வார்த்தைப் பாட்டு வராமல் தடுக்க வழி உண்டா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஃபேமிலி பிளானில் கணக்கை நிர்வகிப்பவரே மற்ற உறுப்பினர்களுக்கும் எக்ஸ்பிளிசிட் (கெட்ட வார்த்தை போன்றவை உள்ள) பாட்டுகளை நிறுத்தி வைக்கலாம். செய்துவிட்டேன். எக்ஸ்பிளிசிட் என்பதைக் காட்டும் 'E' குறி உள்ள பாட்டுகள் இப்போது மங்கலாகத் தெரிகின்றன, தொட்டாலும் ஓடுவதில்லை. ஆங்கில ராப் தொல்லை அதோடு தீர்ந்தது.

தமிழ்ப் பாட்டில்தான் சிக்கல். அந்தக் குறியைப் பெரும்பாலும் பாட்டை வெளியிடும் நிறுவனம்தான் கொடுக்கிறது. வசவு இருந்தால் சிலர் போடுகிறார்கள். இரட்டை அர்த்தக் குத்துப்பாட்டுக்கு யார் போடுவார்கள்? அது வடிகட்டியைத் தாண்டி நேராக வந்துவிடுகிறது. ஏழு வயதுப் பிள்ளை அதன் பல்லவியை மனப்பாடமாகப் பாடும்போது எனக்கு உண்மையிலேயே வயிற்றைப் பிசைகிறது. இசை நிறுவனங்கள் இதில் கொஞ்சம் பொறுப்போடு நடக்க வேண்டும்.

இப்போதைக்கு நாங்களே கேட்டுத் தேர்ந்தெடுத்த பாட்டுகளை பிளேலிஸ்ட்டாகப் போட்டு, டவுன்லோடும் செய்து வைத்திருக்கிறோம். முக்கியமாக, செட்டிங்ஸில் ஆட்டோபிளேயை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பட்டியல் முடிந்ததும் செயலி தன் இஷ்டத்துக்கு அடுத்த பாட்டைப் போடும். கார் ஓட்டிக்கொண்டே அதை மாற்ற முடியாது.