ஜெர்மனிக்குப் புதுசா வந்தவங்களுக்கு: கையில இருக்கற டிக்கெட்லயே ரைன் நதியோரமா ஒரு ட்ரெயின் ட்ரிப்

வீக்கெண்ட்ல எங்க போறது, எல்லாமே காசா இருக்கேன்னு புதுசா வந்த நிறைய பேரு கேக்குறீங்க. ஆபீஸ் போக மாசா மாசம் டாய்ச்லாண்ட் டிக்கெட் வாங்குறீங்கல்ல, அது ஊருக்குள்ள பஸ், ட்ராம்ல போக மட்டும் இல்லங்க, நாடு பூரா லோக்கல் ட்ரெயின், ரீஜனல் ட்ரெயின் எல்லாத்துலயும் செல்லும். 2023 மே மாசம் 49 யூரோல ஆரம்பிச்சது, 2025ல 58 ஆச்சு, 2026 ஜனவரில இருந்து 63. விலை ஏறினாலும் சனி ஞாயிறு சும்மா வீட்ல உக்காந்திருந்தா அந்தக் காசு வீண்தான்.

முதல்ல கொலோன் போங்க. ஸ்டேஷன விட்டு வெளிய வந்தா எதிர்க்கவே அந்தப் பெரிய சர்ச், தலைய அண்ணாந்து பாத்துட்டு திரும்ப உள்ள வந்து மைன்ஸ் போற ஆர்பி 26ங்கற ரீஜனல் ட்ரெயின்ல ஏறுங்க. ஐசிஇ, ஐசின்னு தூரமாப் போற வேக ட்ரெயின் ரெண்டுலயும் இந்த டிக்கெட் செல்லாது, ஃபோன்ல ரயில்வே ஆப்ல தேடும்போது டாய்ச்லாண்ட் டிக்கெட் ட்ரெயின் மட்டும் காட்டுன்னு ஒரு ஃபில்டர் இருக்கு, அத போட்டுக்கங்க, ஏன்னா டிக்கெட் இல்லாம மாட்டினா ஃபைன் 60 யூரோ. டிக்கெட் உங்க பேர்ல இருக்கறதால ஐடியும் கையில இருக்கணும். ஆறு வயசுக்குக் கீழ குழந்தைங்களுக்கு டிக்கெட் வேணாம்.

ஏறினதும் இடது பக்க ஜன்னல் சீட்ட பிடிங்க, இது ரொம்ப முக்கியம். கோப்லென்ஸ் வரைக்கும் சுமார்தான், தூங்கினாலும் தப்பில்ல. அதுக்கப்புறம் ஆறு நம்ம கூடவே ஓடி வர ஆரம்பிக்கும், ரெண்டு பக்கமும் மலை, செங்குத்தான சரிவுல வரி வரியா திராட்சைத் தோட்டம், ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு கோட்டை, ஒண்ண ஃபோட்டோ எடுத்து முடிக்கறதுக்குள்ள அடுத்தது வந்துடும். இந்தப் பள்ளத்தாக்க 2002ல யுனெஸ்கோ பாரம்பரிய இடமா அறிவிச்சாங்க. கோப்லென்ஸ்க்கும் மைன்ஸ்க்கும் நடுவுல ஆத்துக்கு குறுக்க ஒரு பாலம் கூட கிடையாது தெரியுமா, அக்கரைக்குப் போகணும்னா படகுதான், காரையே ஏத்திட்டுப் போற படகு.

எனக்கு கோட்டைய விட கப்பல்தான் புடிச்சுது. நீளமான சரக்குக் கப்பல், தண்ணி மட்டத்துக்கு அமுங்கி மெதுவா எதிர் நீச்சல் போட்டுட்டு வருது, பின்னாடி வீடு மாதிரி ஒரு ரூம், ஜன்னல்ல லேஸ் திரை, தொட்டிச் செடி, மேல ஒரு கார் நிக்குது! கப்பல்லயே வாழறவங்க, கரைக்கு வந்தா ஊர் சுத்தறதுக்காக அந்தக் கார கூடவே வச்சிருக்காங்க. நானும் என் பொண்ணும் அதுக்கப்புறம் எந்தக் கப்பல்ல கார் இருக்கு எதுல இல்லன்னு எண்ணிட்டே வந்தோம்.

சாங்க்ட் கோவார்ங்கற ஊர் தாண்டினதும் வரிசையா சுரங்கம் வரும், ஃபோன ரெடியா வச்சுக்கங்க, லோரலை பாறை எதிர்க்கரைல இருக்கு, 132 மீட்டர் உயரம். மேல ஒரு பொண்ணு உக்காந்து தலை சீவிட்டு பாடுவா, அவளப் பாத்துட்டே படகுக்காரங்க பாறைல மோதிடுவாங்கன்னு கதை. உண்மையிலயே அங்க ஆறு குறுகி வளையுது, எதிர்ல வர்ற கப்பல் தெரியாது, அதனால கப்பலுக்குன்னே சிக்னல் லைட் வச்சிருக்காங்க. கொஞ்ச தூரத்துல காவுப்னு ஒரு ஊருக்கு நேரா ஆத்து நடுவுலயே வெள்ளைக் கோட்டை ஒண்ணு நிக்கும். அந்தக் காலத்துல போற வர்ற படகுகிட்ட சுங்கம் வாங்க கட்டினது, டோல் கேட் நம்ம காலத்து ஐடியா இல்ல போல.

ட்ரெயினுக்குள்ளயும் நல்லா பொழுது போகும். கைத்தடியோட மலை ஏறப் போற தாத்தா பாட்டி, சீட்டுக்குக் கீழ சமத்தா படுத்திருக்கற நாய், டப்பால வெள்ளரிக்காயும் அவிச்ச முட்டையும் கொண்டுவந்து பங்கு போட்டு சாப்பிடற அக்காங்க கும்பல். சாப்பாடு எடுத்துட்டுப் போகத் தயங்காதீங்க, நாங்க புளியோதரைய தொறந்தப்ப எதிர் சீட்டு அக்கா என்னதுன்னு விசாரிச்சு ஒரு ஸ்பூன் வாங்கி சாப்பிட்டு, வேர்க்கடலைய மட்டும் தேடித் தேடி எடுத்தாங்க, பதிலுக்கு எங்களுக்கு ஆப்பிள் கேக். தண்ணியும் எடுத்துக்கங்க, ஞாயித்துக்கிழமை அந்தச் சின்ன ஊர்கள்ல கடை இருக்காது.

இறங்கணும்னா பாகராக்ல இறங்குங்க. மரச்சட்டம் போட்ட பழைய வீடுங்க, நடந்தே ஊர் முடிஞ்சுடும், அடுத்த ட்ரெயின்ல மறுபடி ஏறிக்கலாம். திரும்பும்போது அதே வழில வராதீங்க. மைன்ஸ்ல இருந்து வீஸ்பாடன் போய் ஆர்பி 10 பிடிச்சா அக்கரை வழியா கோப்லென்ஸ் வரும், அப்பவும் ஆறு இடது பக்கம்தான். ட்ராக் வேலைன்னு அந்த லைன மூடி வைக்கறதுண்டு, கிளம்பறதுக்கு முன்னாடி ஆப்ல ஒரு தடவ பாத்துடுங்க.

ஃப்ராங்க்ஃபர்ட், ஸ்டுட்கார்ட் பக்கம் இருக்கறவங்க எந்த ஊர்ல இருந்து கிளம்புறீங்கன்னு கீழ சொல்லுங்க, எங்க மாறணும்னு பாத்து சொல்றேன்.